பதினோரு நிமிடம் முன்னால்

மளிகைச் சீட்டைப் படிக்கிற குரலில்தான் திருப்புளி அந்த மூன்று குறிப்புகளையும் படித்தார்.

“‘இவ பொறக்காம இருந்திருந்தா நான் நல்லா இருந்திருப்பேன்.’ மாலை நாலு முப்பத்தாறு. ‘படியில இறங்கும்போது லேசா ஒரு தள்ளு. அவ்வளவுதான். யாருக்கும் தெரியாது.’ நாலு முப்பத்தெட்டு. ‘ஒரு நாள் செய்யத்தான் போறேன்.’ நாலு நாற்பத்தொண்ணு.” காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். “அஞ்சே நிமிஷத்துல மூணு. என் சம்சாரம் என்னைத் திட்டி முடிக்கவே இதைவிட அதிக நேரம் எடுத்துக்குவா மேடம்.”

இருபது வருடம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டித் திருப்புளி. அதனால் அந்தப் பெயர். கடையை மூடிவிட்டு, கோர்ட் வழக்குகளுக்காகப் போன்களை ஆராயும் என்னிடம் வந்து நான்கு வருடம் ஆகிறது. செத்துப்போன போனையும் பேச வைப்பார். உயிரோடு இருக்கிற மனிதர்களை வாய்மூட வைப்பார்.

குறிப்புகளில் வரும் ‘இவ’ ஒன்பது வயதுப் பெண் குழந்தை. எழுதியதாகச் சொல்லப்படுபவள் அவளுடைய அம்மா. ஸ்கேன் சென்டர் ஒன்றில் எம்.ஆர்.ஐ மெஷினை இயக்குபவள். கணவனைப் பிரிந்து இரண்டு வருடம். குழந்தை யாரிடம் வளர்வது என்று வழக்கு. ஒரு நாள் குழந்தையே அப்பாவிடம் போய், “அம்மா போன்ல என்னைப் பத்தி என்னமோ எழுதி வச்சிருக்காங்க” என்று சொல்லியிருக்கிறாள். கோர்ட் போனை வாங்கி ஆய்வு அலுவலகத்துக்கு அனுப்பியது. யாருக்கும் அனுப்பாமல், போனின் குறிப்பேட்டிலேயே கிடந்தன இந்த மூன்று வரிகளும். அன்றிலிருந்து மூன்று வாரமாகக் குழந்தை அப்பா வீட்டில்.

நாளைக் காலை பத்தரைக்கு நீதிபதி முடிவு சொல்வார். அம்மாவின் வக்கீல் எங்களிடம் வந்தது திங்கட்கிழமை. இன்று புதன். மறுப்பு ஏதாவது இருந்தால் மாலை ஆறு மணிக்குள் கோர்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

திங்கட்கிழமை அந்த அம்மாவிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்.

“நீங்க எழுதினீங்களா?”

“எழுதல மேடம்.” கொஞ்ச நேரம் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆனா நினைச்சிருக்கேன். நினைக்காத அம்மா யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க, பார்க்கிறேன்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளை நம்பினேன். பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு தாராளமாக இருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். எனக்குக் குழந்தை இல்லை. அம்மாக்கள் வாய் தவறிச் சொல்கிற உண்மைகளின்மேல் எனக்கு ஒரு மோகம் உண்டு.

“குழந்தையைப் பார்த்தீங்கல்ல, கோர்ட் படியில?” என்றார் திருப்புளி. “ரெண்டு கையாலயும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, பக்கவாட்டுல, ஒவ்வொரு படியா. நண்டு இறங்குற மாதிரி. நான் அதுக்கு நண்டுன்னே பேர் வச்சுட்டேன்.”

“பேர் வைக்கிறதை விடுங்க. படிவத்தைக் கொடுங்க.”

போனைக் கையில் வாங்கியபோது ஆய்வு அலுவலகத்தில் நிரப்பிய படிவம் அது. அதன் வடிவம் என்னுடையது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், இந்த மாதிரிக் கருவிகளை எப்படி வாங்க வேண்டும், எப்படிப் பூட்டி வைக்க வேண்டும், எப்படி ஆராய வேண்டும் என்று அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக் கொடுத்தேன். நீல அட்டை. கடைசிப் பக்கத்தில், எப்படி நிரப்புவது என்று காட்ட, நானே நிரப்பிய மாதிரிப் படிவம் ஒன்று. நான் செய்த பெரிய தப்பு அதுதான். அறுபத்து மூன்று பக்கத்தை யாரும் படிக்கவில்லை. எல்லோரும் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதினார்கள்.

“இந்த ஊர்ல எல்லாப் போனும் கறுப்பு. எல்லாப் போனுக்கும் வலது மூலையில கீறல்,” என்று திருப்புளி அடிக்கடி சிரிப்பார். மாதிரியில் நான் அப்படி எழுதியிருந்தேன். ‘கடிகார வித்தியாசம்’ என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்தேன். போன் காட்டும் நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. இதுவரை முந்நூறு படிவம் பார்த்திருப்பேன். முந்நூறிலும் பூஜ்யம்.

இந்தப் படிவத்தில் பூஜ்யம் இல்லை. பேனாவை அழுத்தி எழுதியிருந்தது: 11 நிமிடம் முன்னால்.

“புடிச்சோம்!” திருப்புளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “டவர்லேருந்து நேரம் வாங்குற போன் எப்படி மேடம் பதினோரு நிமிஷம் முன்னால ஓடும்? எவனோ கை போன போக்குல எழுதியிருக்கான். படிவமே பொய்னு ஒரு அடி. ரிப்போர்ட் காலி.”

“இல்லேன்னா முந்நூறு பேர்ல ஒருத்தர் நிஜமாவே கடிகாரத்தைப் பார்த்திருக்கார்.”

“அப்படி ஒரு அரசு ஊழியர் இருந்தா அவரை மியூசியத்துல வைக்கணும்.”

“வாங்க, மியூசியத்துக்குப் போவோம்.”

*

மியூசியம் ஒரு நீண்ட நடைபாதையின் கடைசி அறை. இரண்டு மேசைகள். ஒன்றில் ஆள் இல்லை, நாற்காலி முதுகில் ஒரு ஸ்வெட்டர் மட்டும். இன்னொன்றில் ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். கண்ணில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. மேசையில் பென்சில்கள் உயர வரிசையில் நின்றன.

“இது உங்க கையெழுத்தா சார்?” படிவத்தின் நகலை நீட்டினேன்.

கண்ணாடிகளை இடம் மாற்றிக்கொண்டு பார்த்தார். “ஆமா.”

“போன் டவர்ல நேரம் வாங்கும்,” என்றார் திருப்புளி. “உங்க மேசைக்கு மட்டும் தனி டவரா சார்?”

அவர் திருப்புளியைப் பார்க்கவே இல்லை. இழுப்பறையைத் திறந்தார், ஒரு உறையை எடுத்தார், அதிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து என் முன்னால் நேராக வைத்தார். ஓரம் மேசை ஓரத்தோடு ஒட்டாததால் மறுபடியும் நேராக்கினார்.

படத்தில் போன். பக்கத்தில் ஒரு ஸ்கேல். மேலே சுவர்க் கடிகாரம். கடிகாரத்தில் பத்தேகால். போனில் பத்து இருபத்தாறு.

“பக்கம் பதினேழு,” என்றார். “‘கருவியையும் சரியான கடிகாரத்தையும் ஒரே படத்தில் எடுக்கவும்.’ எழுதினவங்களுக்கே மறந்துபோச்சா மேடம்?”

என்னைத் தெரிந்திருக்கிறது.

“தானா நேரம் எடுக்கிறதை அணைச்சு வச்சிருக்காங்க. கையால முன்னால தள்ளி வச்சிருக்காங்க. அந்தப் போன்ல அது செட்டிங்ஸ்லயே தெரிஞ்சுது. அதையும் எழுதியிருக்கேன், கடைசிக் கட்டத்தைப் பாருங்க.”

“அப்ப ஆய்வு ரிப்போர்ட்ல நாலு முப்பத்தாறு, முப்பத்தெட்டுன்னு போன் காட்டின நேரத்தையே ஏன் போட்டிருக்கு? பதினொண்ணைக் கழிக்கவே இல்லையே?”

“ஆய்வு என் மேசை இல்ல. சேகரிப்புதான் என் மேசை.” ஸ்வெட்டர் போட்ட நாற்காலியைக் காட்டினார். “ஆய்வு, அது.”

இரண்டு மேசைக்கும் நடுவில் நான் கையை நீட்டினால் தொடுகிற தூரம்.

“அவர்கிட்ட வாயால சொல்லலையா?”

“எழுதிக் கொடுத்தேன். படிக்கிறது அவர் வேலை.”

“நீங்க கழிச்சுப் பார்த்தீங்களா?”

 ஒரு பென்சிலைத் திருப்பி வைத்தார்.

“பார்த்தேன்.”

“எப்போ?”

“அன்னிக்கே.”

“மூணு வாரம் சார்,” என்றார் திருப்புளி. குரலில் கேலி இல்லை. “மூணு வாரமா ஒரு குழந்தையை அம்மாகிட்டேருந்து பிரிச்சு வச்சிருக்காங்க.”

“மேடம், பக்கம் முப்பத்தொண்ணு. ‘சேகரிப்பவர் கருத்துச் சொல்லலாகாது.’ நீங்க எழுதினதுதான்.” நெற்றிக் கண்ணாடி நழுவியது. அவர் சரிசெய்யவில்லை. “ஒன்பது வருஷமா இந்தக் கட்டடத்துல நான் ஒருத்தன்தான் உங்க புத்தகத்துல இருக்கிறதை அப்படியே செய்யறேன். பக்கத்து மேசைக்காரர் என்னைப் பைத்தியம்னு சொல்றாரு. நீங்களும் அதைச் சொல்லத்தான் வந்தீங்களா?”

நகலை மடித்துப் பையில் வைத்தேன். புத்தகம் எழுதுகிற யாரும் ஒரு நல்ல வாசகன் கிடைக்க மாட்டானா என்று ஏங்குவார்கள். எனக்குக் கிடைத்தவர் இவர். ஒரு வரி விடாமல் படித்து, ஒரு வரி மீறாமல் நடந்து, ஒரு தாயையும் பிள்ளையையும் கழித்தலுக்கு நடுவே விட்டுவிட்டவர். அவர்மேல் வந்த கோபம் பாதியில் திரும்பி என்மேலேயே வந்து உட்கார்ந்தது.

வெளியே வந்ததும் திருப்புளி சொன்னார்: “உங்க புத்தகத்தை முழுசாப் படிச்ச ஒரே ஆள். கட்டிப்பிடிச்சு அழுதிருக்கணும் நீங்க.”

*

காரில் கணக்கைப் போட்டோம். கார் அவருடையது, இடது பக்கக் கண்ணாடி இறங்காது. நான் மடியில் காகிதத்தை வைத்து எழுதினேன்.

ஆய்வு ரிப்போர்ட்டின் பலமே நேரம்தான். ஸ்கேன் அறைக்குள் போன் போகக் கூடாது, சாவி போகக் கூடாது, கொண்டை ஊசி கூடப் போகக் கூடாது. ஊழியர்கள் எல்லாவற்றையும் இரண்டாவது மாடி ஓய்வறையில் ஒரு தட்டில் போட்டுவிட்டுக் கீழே வருவார்கள். அன்றைக்கு ஒரு நோயாளி மெஷினுக்குள் போனது நாலு இருபது. வெளியே வந்தது நாலு முப்பத்து மூன்று. மெஷினே குறித்து வைத்த நேரம். நோயாளி உள்ளே இருக்கும்வரை அந்த அம்மா இடத்தை விட்டு நகர முடியாது. நாலு முப்பத்து மூன்றுக்கு விடுபட்டாள், மாடி ஏறினாள், போனை எடுத்தாள், நாலு முப்பத்தாறுக்கு முதல் குறிப்பு. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

பதினொன்றைக் கழித்தேன். நாலு இருபத்தைந்து. நாலு இருபத்தேழு. நாலரை.

மூன்று நேரத்திலும் அவள் கீழே. நோயாளி மெஷினுக்குள்.

“மெஷின் கடிகாரம்?” என்றார் திருப்புளி.

“தினமும் காலையில சரிபார்த்துக் கையெழுத்துப் போடறாங்க. விநாடிக் கணக்குலதான் வித்தியாசம்.”

“சட்டை கிழிஞ்சுது!” ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். முன்னால் போன சைக்கிள்காரர் திரும்பி முறைத்தார். “அப்ப மேல போன்கிட்ட இருந்தது யாரு மேடம்?”

எனக்குத் தெரியும். திங்கட்கிழமையே அந்த அம்மா சொல்லியிருந்தாள்: ஸ்கூல் விட்டதும் குட்டி நேரே இங்கதான் வருவா, மேல உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவா, அந்த ஷிப்ட்ல நான் ஒருத்திதான். அந்தப் பதில் எனக்குள் வந்து நின்றது. வழியில் கிடக்கும் நாற்காலியை நகர்த்துவதுபோல அதை ஓரமாக நகர்த்தி வைத்தேன். நான் சந்தோஷமாக இருந்தேன். ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டால் எனக்குள் எங்கேயோ ஒரு பூட்டு திறக்கும். அந்தச் சத்தத்துக்கு அடிமை நான். அது யாருடைய வீட்டுப் பூட்டு என்று அந்த நேரத்தில் யோசிப்பதில்லை.

நான் சொல்லச் சொல்ல, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் திருப்புளி போனில் தட்டினார். ஒரு பக்க மறுப்பு தயார்.

“வக்கீலுக்கு அனுப்பிடவா?”

“அம்மாகிட்ட ஒரு கேள்வி பாக்கி. ஏன் பதினொண்ணுன்னு.”

*

ஸ்கேன் அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் மெஷின், அதன் வாயிலிருந்து நீட்டிக்கொண்டு இரண்டு பாதங்கள். யாரோ தகரத்தைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம்.

“இன்னிக்குப் புதன். நாலுலேருந்து அஞ்சு வரைக்கும் குட்டியைப் பார்க்கலாம்னு கோர்ட் சொல்லியிருக்கு,” என்றாள். “மேல இருக்கா. அவ அத்தை கீழ கார்லயே உட்கார்ந்திருக்காங்க, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காதாம்.”

வாரத்தில் ஒரு மணி நேரம். அதிலும் ஒரு நோயாளியை மெஷினுக்குள் அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறாள். வேலை அப்படி, என்று நானே அவளுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“உங்க போன் ஏன் பதினோரு நிமிஷம் முன்னால ஓடுது?”

“ஓ, அதுவா?” சிரித்தாள். “ஸ்கூல் வேன் ஏழு இருபதுக்கு. இவ ஆடி அசைஞ்சு கிளம்புறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடும். அதான் நானே தள்ளி வச்சேன், எட்டு மாசமா. பத்து நிமிஷம்னா மனசுல கழிச்சுப் பார்த்து மெத்தனமா இருந்துடுவோம். பதினொண்ணுன்னா கணக்கு உதைக்கும்.”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கும் அவளுக்கும்தான்.”

காகிதத்தை அவள் முன்னால் வைத்தேன். படித்தாள். விரல் வரிகளின் மேல் நகர்ந்தது. நாலு இருபத்தைந்து என்ற இடத்தில் நின்றது.

சம்மட்டிச் சத்தம் நின்று, வேறு தாளத்தில் மறுபடி தொடங்கியது.

அவள் உடைந்து அழுவாள் என்று நினைத்தேன். இல்லை, காகிதத்தைக் கிழிப்பாள், ‘என் பிள்ளை பேர் வெளிய வர வேண்டாம், நானே எழுதினதா இருக்கட்டும்’ என்பாள். அந்தத் தாயை மனதுக்குள் வணங்குவதற்குக் கூடத் தயாராகத்தான் இருந்தேன். அவள் முகத்தில் ஏதோ ஒன்று, இழுப்பறை மூடுவதுபோல, சத்தமில்லாமல் உள்ளே போனது.

“குட்டி கெட்டிக்காரிதான்,” என்றாள்.

“யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். இதைக் கோர்ட்ல கொடுத்தா, எழுதினது யாருன்னு கேப்பாங்க. குழந்தையைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. பொய்யா எழுதி வச்சதா பதிவாகும்.”

“ஆகட்டுமே.” காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். “அப்பதான் புத்தி வரும். நாளைக்கு அவ எங்கிட்ட வந்துடுவால்ல?”

“வர வாய்ப்பு அதிகம்.”

“அது போதும். போடுங்க மேடம்.”

திருப்புளி என்னைப் பார்த்தார். மணி நாலு முப்பத்தைந்து. ஆறு மணிக் கெடு. நான் தலையசைத்தேன். அவருடைய கட்டைவிரல் திரையில் ஒரு முறை தட்டியது. அவ்வளவுதான்.

“நான் குழந்தையைப் பார்க்கலாமா?” என்றேன்.

“பாருங்களேன். இவங்களை முடிச்சுட்டு நானும் வரேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

இருபத்திரண்டு படி, ஒரு திருப்பம், மறுபடி இருபத்திரண்டு. ஓய்வறையில் இரும்பு அலமாரிகள், ஒரு மேசை, அதன்மேல் பிளாஸ்டிக் தட்டு. தட்டில் சாவிக்கொத்து, இரண்டு கொண்டை ஊசி, ஒரு புதுப் போன். அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்: அம்மா கீழே, போன் இங்கே, இவள் இங்கே.

அவள் வண்ணப் பென்சில்களைச் சீவி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, படிப்பெல்லாம் எப்படி?” என்றார் திருப்புளி.

“கேள்வி கேக்கத்தானே வந்திருக்கீங்க அங்கிள்? நேராவே கேளுங்க.”

திருப்புளி வாயை மூடி நான் பார்த்ததில்லை. நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

“அந்த மூணு வரியையும் நீதான் எழுதினியாம்மா?”

பென்சில் சீவுவது நிற்கவில்லை. “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நேரத்தை வச்சு. அம்மா போன் முன்னால ஓடுச்சு.”

தட்டில் கிடந்த போனைப் பார்த்தாள். யோசித்தாள். “வேன் நேரம்,” என்றாள். பிறகு, கணக்கில் ஒரு மார்க் போனவள் சொல்வதுபோல், “ச்சே. அதை மறந்துட்டேன்.”

“யார் எழுதச் சொன்னாங்க? அத்தையா?”

“யாரும் சொல்லல.”

“அப்பா?”

“அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் சொன்னப்போ சிரிச்சாரு.”

“எதைச் சொன்னப்போ?”

“அம்மா சொன்னதை.”

பென்சில் சீவியை வைத்தாள். துருவல்களை விரலால் ஒன்று சேர்த்தாள்.

“நான் பொய் எழுதல ஆன்ட்டி. அம்மா சொன்னதைத்தான் எழுதினேன். அதே வார்த்தை. எங்க வீடு மாடில. இறங்கும்போது பின்னாலேருந்து சொல்வாங்க. முதல் தடவை சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அப்புறம் சிரிக்கல. மூணாவது தடவை நான் பாத்ரூமுக்குள்ள போய் மனப்பாடம் பண்ணிக்கிட்டேன், மறந்துடக் கூடாதுன்னு.”

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

“பெரியவங்க யார்கிட்டயாவது சொன்னியா?”

“மிஸ்கிட்ட சொன்னேன். அம்மாவுக்கு வேலை ஜாஸ்தி, நீ சமத்தா இருன்னாங்க. அத்தைகிட்ட சொன்னேன். கதை விடாதேன்னாங்க. அப்பாகிட்ட சொன்னேன். சிரிச்சுட்டு வக்கீல் அங்கிள்கிட்ட சொன்னாரு. அந்த அங்கிள், சின்னப் பசங்க சொல்றதெல்லாம் எடுபடாது சார், போன்ல ஏதாவது இருந்தா சொல்லுங்க, அது எடுபடும்னாரு. நான் சோபாவுக்குப் பின்னால இருந்தேன்.”

திருப்புளி சுவரில் சாய்ந்தார்.

“போன்ல இருந்ததும் எல்லாரும் நம்பினாங்க,” என்றாள். குரலில் பெருமை கூட இருந்தது. “மூணு வாரம் நம்பினாங்க.”

அந்த நேரம் பார்த்துத் திருப்புளியின் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அம்மாவின் வக்கீல். கைதட்டும் படங்கள், ஒரு வரிசை முழுக்க. கீழே, ‘தாக்கல் செய்தாயிற்று. நாளை வெற்றி நமதே.’

“இனிமே நான் நிஜத்தைச் சொன்னா நம்புவாங்களா ஆன்ட்டி?”

எனக்குள் ஒரு யோசனை எட்டிப்பார்த்தது, அதை மறைக்க விரும்பவில்லை: போனில் பொய்யாக எழுதத் தெரிந்தவளுக்கு இதையும் இட்டுக்கட்டத் தெரியாதா? அப்பா வீடு பிடித்திருக்கலாம். நாளைக்கு நீதிபதியும் இதைத்தான் நினைப்பார். அப்படி நினைக்க அவருக்கு ஆதாரம் கொடுத்தவள் நான். எழுதிய விரல் யாருடையது என்று கண்டுபிடிக்க அறுபத்து நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல் முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

‘நினைச்சிருக்கேன்’ என்று அந்த அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த வார்த்தையைத்தான் நான் மெச்சிக்கொண்டேன்.

“அஞ்சாகப் போகுது, குட்டி. கிளம்பு.”

வாசலில் அம்மா. தலையைச் சீவி, கைகளைக் கழுவி வந்திருந்தாள். மகளின் பையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். உள்ளங்கையைக் குழந்தையின் பிடரியில் வைத்தாள். எந்த அம்மாவும் வைக்கிற மாதிரிதான்.

“எல்லாத்தையும் சொல்லிட்டாளா மேடம்?”

“சொன்னா.”

“சொல்லுவா. நல்லாப் பேசுவா.”

படிக்கு வந்ததும் குழந்தை திரும்பிக்கொண்டாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தாள். பக்கவாட்டில் ஒரு காலை இறக்கினாள், அது பதிந்த பிறகுதான் அடுத்த கால். பழகிப்போனவள் இறங்குகிற விதம். திருப்புளி வாய் திறந்தார். அந்தப் பெயரைச் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

“நேராத்தான் இறங்கேன். மாடு மாதிரி வளர்ந்துட்ட,” என்றாள் அம்மா. பிடரியில் இருந்த கை முதுகுக்கு இறங்கியது.

“கொஞ்சம் வழி விடுங்க,” என்று நான் சுவரோரமாக அவர்களைத் தாண்டி, குழந்தைக்கு ஒரு படி கீழே போய் நின்றேன். “நான் முன்னால இறங்கறேன்.”

நாற்பத்து நான்கு படி. பின்னோக்கித்தான் இறங்கினேன், ஒரு கை சுவரில், ஒரு கை காற்றில். அம்மா என்னைப் பார்த்தபடியே வந்தாள். அவளுக்குப் புரிந்தது. உதட்டோரத்தில் ஒரு சின்ன சிரிப்பு. ‘இன்னிக்கு நீ நிக்கற’ என்று சொல்கிற சிரிப்பு. இல்லை, ஒரு பைத்தியக்காரியைப் பார்க்கிற அப்பாவி அம்மாவின் சிரிப்பாகவும் இருக்கலாம். எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

தரையை அடைந்ததும் குழந்தை கைப்பிடியை விட்டாள்.

“எங்க வீட்ல பதினெட்டுப் படி, ஆன்ட்டி.”

“எதைப் பார்த்தாலும் எண்ணிக்கிட்டே இருப்பா,” என்று அம்மா அவள் கன்னத்தைத் தட்டினாள்.

வெளியே கார் ஹாரன் இரண்டு முறை அடித்தது. குழந்தை ஓடினாள். சமதரையில் நன்றாகவே ஓடினாள். கதவு திறந்தது, மூடியது.

“ரொம்ப நன்றி மேடம். நாளைக்குக் கோர்ட்ல பார்ப்போம். இவளுக்குன்னு புதுப் போர்வை கூட வாங்கி வச்சுட்டேன்.” அவள் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

திருப்புளியும் நானும் வரவேற்பு அறையின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அவர் சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்து, சும்மா உருட்டினார்.

“அனுப்பினதைத் திரும்ப வாங்க முடியாது மேடம். தாக்கலாயிடுச்சு.”

“தெரியும். ரெண்டாவதா ஒண்ணு கொடுக்கலாம். ஆறு மணி ஆகல.”

“அந்தப் புள்ள சொன்னதையா?” தயங்கினார். “அது போன்ல இல்லையே. அதுக்கு உங்க படிவத்துல கட்டமே இல்லையே மேடம்.”

பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் கோடு போட்டுக் கொடுத்த கட்டங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல். திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

வரவேற்பறைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி ஒரு முறை இரண்டையும் பார்த்தேன்.

மாலை ஐந்து மணி நான்கு நிமிடம், என்று எழுதினேன். கடிகார வித்தியாசம்: பூஜ்யம். அதற்குக் கீழே, ‘ஒன்பது வயதுக் குழந்தை என்னிடம் சொன்னது’ என்று தொடங்கினேன்.